அம்மாவுக்கு இருப்பது எந்தத் தேய்மானம்?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 44 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிட்டேன். அவருடைய அம்மாவுக்கு 67 வயது. போன ஆடி மாதம் கொல்லைப்புறத்தில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்தது. நாட்டுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, ஆனால் கோணலாக. முழங்கால் வலி பல வருடமாகவே உண்டு. "மூட்டுல பசை வத்திப்போச்சு, நடக்க நடக்க இன்னும் தேயும்" என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா நடப்பதையே குறைத்துவிட்டார். வலி தாங்காத நாட்களில் மெடிக்கலில் காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்.

கை உடைந்த பிறகு எடுத்த, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகெலும்பு மைனஸ் 1.9, இடுப்பு மைனஸ் 2.9. வருடத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது தாடை எலும்பை அழுகச் செய்யும், கால்சியம் மாத்திரையே போதும் என்கிறார் அண்ணி. கால்சியம் போட்டால் கிட்னியில் கல் வரும் என்று அம்மா அதையும் தொடுவதில்லை. "வயசானா எலும்பு தேயத்தானே செய்யும், விடு" என்பது அண்ணனுடைய கருத்து. ஊசி போடலாமா, கோணல் கையை உடைத்துத் திரும்ப வைக்கணுமா, முதுகில் மைனஸ் 1.9 என்றால் முதுகு நன்றாகத்தானே இருக்கிறது, எனக்கும் இது வருமா என்று நான்கு கேள்விகள்.

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் யாரும் அம்மாவைப் பற்றி அக்கறையில்லாமல் பேசவில்லை. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்குக் காரணம், தேய்மானம் என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நோய்களுக்கு வைத்துக்கொண்டிருப்பதுதான்.

எலும்பு வேறு, மூட்டு வேறு

அம்மாவின் முழங்காலில் இருப்பது மூட்டுத் தேய்மானம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடத்தில், எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு, ஊரில் ஜவ்வு என்று சொல்வார்களே அது, அங்கங்கே மெலிந்து சொரசொரப்பாகிவிடும். வலிக்கும், வீங்கும், காலையில் எழுந்தால் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே யாரும் அதைக் கவனிக்காமல் விடுவதில்லை.

கை உடைந்ததற்குக் காரணம் அதுவல்ல. அது எலும்புப்புரை. டாக்டர்கள் ஆஸ்டியோபோரோசிஸ் என்பார்கள். மூட்டில் இல்லை, எலும்புக்கு உள்ளேயே நடப்பது. வலிக்காது. உடையும் வரை தெரியவே தெரியாது.

ஆட்டு நல்லி எலும்பைப் பார்த்திருப்பீர்கள். நடுத்தண்டு கல் மாதிரி கெட்டி. முனையை வெட்டிப் பார்த்தால் உள்ளே கடற்பஞ்சு மாதிரி சின்னச் சின்னக் கண்ணறைகள். நமக்கும் அப்படித்தான். வளர்ந்தவர் உடம்பில் இருக்கும் 206 எலும்புகளில் மணிக்கட்டின் முனை, முதுகெலும்பின் ஒவ்வொரு கட்டை, தொடை எலும்பு இடுப்பில் சேரும் கழுத்துப் பகுதி, இந்த மூன்று இடங்களிலும் பஞ்சு எலும்பு அதிகம். எலும்புப்புரை முதலில் பதம் பார்ப்பது அந்தக் கண்ணறைச் சுவர்களைத்தான். சுவர் மெலியும், பிறகு அறுந்துபோகும். அதனால்தான் இந்த நோயில் உடைவது பெரும்பாலும் இந்த மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கிறது.

இன்னொன்று, எலும்பு வெறும் சுண்ணாம்பு இல்லை. ஒரு கோழிக்கால் எலும்பைச் சுத்தம் செய்து நாலைந்து நாள் வினிகரில் போட்டு வைத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி வளையும். சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய் உள்ளே இருந்த கொலாஜன் என்ற நார்ப்புரதம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த நாரும் சுண்ணாம்பும் சேர்ந்திருப்பதால்தான் எலும்பு வளைந்தும் கொடுக்கிறது, பாரத்தையும் தாங்குகிறது. அதுவும் ஒருமுறை கட்டியதோடு நிற்பதில்லை. ஒரு வகைச் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுத்துக்கொண்டே போகும், இன்னொரு வகை பின்னாலேயே புதிதாக நிரப்பிக்கொண்டு வரும். வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. அரிப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், நிரப்புவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அரிக்கிற வேலை வேகமெடுக்கிறது, நிரப்புகிற வேலையால் ஈடுகொடுக்க முடிவதில்லை. அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

ஆக, அண்ணன் சொல்வதில் பாதி சரி. வயதானால் எலும்பின் அடர்த்தி குறையும். ஆனால் நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒரு எலும்பு உடைந்தால், அதை "வழுக்கிட்டாங்க, கை உடைஞ்சது" என்று கணக்கு முடித்துவிட முடியாது. சாதாரண எலும்பு அந்த விழுகையைத் தாங்கியிருக்க வேண்டும். இன்றைக்கு மணிக்கட்டு, நாளைக்கு இடுப்பு. இடுப்பு உடைந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு அந்த ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்ட நிலவரம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அம்மா இப்போது நடமாடிக்கொண்டிருக்கிறார், தடுக்கிற வாய்ப்பு இருக்கும்போதே கடிதம் எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகள்

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "அம்மாவுக்கு முன்னெல்லாம் கணுக்கால் தெரியும்படி நிற்கும் சேலை இப்போது தரையில் புரள்கிறது, கட்டத் தெரியவில்லை என்று அவர்களே சலித்துக்கொள்கிறார்கள்." எனக்குக் கடிதத்தில் மிக முக்கியமாகப் பட்டது இதுதான். அம்மாவுக்குச் சேலை கட்டத் தெரியாமல் போகவில்லை, உயரம் குறைந்திருக்கிறது. முதுகெலும்புக் கட்டை ஒன்றோ இரண்டோ முன்பக்கமாக நசுங்கியிருக்கலாம். முதுகெலும்பில் இப்படி நடக்கும் முறிவுகளில் பெரும்பாலானவை விழாமலேயே, பெரிய வலி இல்லாமலேயே நடந்துவிடும், "வாயுப்பிடிப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். இளவயது உயரத்தைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் கட்டாயம் பார்க்க வேண்டும். பழைய ஆதாரில் உயரம் இருக்காது. ஆனால் அந்தக் காலக் கல்யாண போட்டோவில் அப்பாவின் தோளுக்கு எங்கே வருகிறார் என்று பாருங்கள், ஒரு யோசனை கிடைக்கும். அப்புறம் நடுமுதுகும் கீழ்முதுகும் தெரிகிற மாதிரி பக்கவாட்டு எக்ஸ்ரே ஒன்று எடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் உங்கள் மைனஸ் 1.9 கேள்வி. டெக்ஸாவில் வரும் அந்த எண், ஆரோக்கியமான இளவயதினரின் சராசரியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோம் என்பதைச் சொல்வது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. இரண்டு இடத்தில் இரண்டு எண் வந்தால் மோசமானதைத்தான் கணக்கில் எடுப்போம், அம்மாவுக்கு அது மைனஸ் 2.9. முதுகில் நன்றாக வந்ததை நம்பவும் முடியாது. வயதானவர்களின் முதுகெலும்பு ஓரங்களில் தேய்மானத்தால் முளைக்கும் எலும்பு முள்ளும், நசுங்கிக் கெட்டிப்பட்ட கட்டையும் சேர்ந்து படத்தில் அடர்த்தியை அதிகமாகக் காட்டிவிடும்.

இரண்டாவது வரி அந்தக் காகிதப் பொட்டலம். "அதைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் எழுந்து நடமாடுவார், நல்லாப் பசிக்கும், முகம்கூடப் பூரித்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். பூரித்த முகம் என்று நீங்கள் சந்தோஷப்பட்டது எனக்குக் கவலையாக இருக்கிறது. நாள்பட ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு முகம் அப்படித்தான் உப்பும், பசியும் கூடும். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளை வலி மாத்திரையோடு கலந்து உதிரியாகத் தருவது பல ஊர்களில் நடக்கிறது. ஸ்டீராய்டு, எலும்பைக் கட்டுகிற செல்களையே முடக்கிவிடும். முழங்காலுக்கு என்று போட்ட மாத்திரை இடுப்பு எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பொட்டலத்தை அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். ஆனால் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு கிடைத்துப் பழகிய உடம்பு சொந்தமாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். திடீரென்று நின்றால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். மெடிக்கலில் பில் கேளுங்கள், மருந்தின் பெயரைக் கேளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரைகள் அட்டவணை எச்-ல் வருபவை, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது. என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

ஊசி போடலாமா?

நானாக இருந்தால் போடச் சொல்வேன், கீழே சொல்லும் பரிசோதனைகள் சரியாக வந்தால்.

சோலெட்ரோனிக் ஆசிட், எலும்பை அரிக்கிற செல்களை அடக்கி வைக்கும் மருந்து. 5 மில்லிகிராம், வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 15 நிமிடமாவது எடுத்து மெதுவாக ஏற்றுவார்கள். 7,700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் மூன்று வருடம் நடத்தி 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், முதுகெலும்பு முறிவுகள் 70 சதவீதமும் இடுப்பு முறிவுகள் 41 சதவீதமும் குறைந்தன.

அண்ணி சொன்னது கட்டுக்கதை இல்லை, அவரிடம் அதை இதமாகச் சொல்லுங்கள். தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரியும் பிரச்சினை உண்மையிலேயே உண்டு. புற்றுநோய் எலும்பில் பரவியவர்களுக்கு இதே மருந்தை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும்போது அது அதிகம் வந்தது, பயமும் அங்கிருந்துதான் கிளம்பியது. எலும்புப்புரைக்கு வருடம் ஒருமுறை போடுகிறபோது மிக அரிது. மேலே சொன்ன ஆய்வில் மருந்து ஏற்றியவர்களில் ஒருவருக்கு, வெறும் உப்புநீர் ஏற்றியவர்களிலும் ஒருவருக்கு, அவ்வளவுதான். அதைத் தவிர்க்க ஒரு வழியும் இருக்கிறது. ஆடுகிற பல், பிடுங்க வேண்டிய பல் எதுவானாலும் ஊசிக்கு முன்னாலேயே பல் டாக்டரிடம் முடித்து, புண் ஆறிய பிறகு போடுவது. அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் பாருங்கள்.

ஊசிக்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி மூன்றும் பார்க்க வேண்டும். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழே இருந்தால் இந்த மருந்து கூடாது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான். இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் சட்டென்று இறங்கி கை கால் இழுத்துக்கொள்ளும். தைராய்டு, ஹீமோகுளோபின், ரத்தத்தில் உள்ள புரதம் இவற்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம், எலும்பை மெலியவைக்கும் வேறு நோய் எதுவும் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று தெரிய. இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதையும் சொல்லுங்கள். முதல் ஊசி போட்ட மூன்று நாளைக்கு ஃப்ளூ வந்த மாதிரி காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், பாராசிட்டமால் போதும். பயந்து அடுத்த வருடம் விட்டுவிடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று நாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் விடுகிறார்கள். பல வருடம் தொடர்ந்தால் மிக அரிதாகத் தொடை எலும்பு விநோதமாக உடைவதுண்டு. அதனால்தான் மூன்று வருடம் ஆனதும் நிறுத்தலாமா தொடரலாமா என்று திரும்பப் பார்ப்பது வழக்கம். இடையில் தொடையிலோ கவட்டையிலோ புது வலி வந்தால் உடனே காட்டுங்கள்.

இதற்கு மாற்றும் உண்டு. வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை: வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, போட்ட பிறகு அரைமணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் இருப்பதாக எழுதியிருப்பதால் அவருக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் நல்ல மருந்து. ஆனால் நடுவில் விட்டால் சேர்ந்த எலும்பை வேகமாக இழந்து முதுகெலும்பு வரிசையாக நசுங்கும் ஆபத்து உண்டு, தேதி தவறாமல் அழைத்துப்போக ஆள் இருந்தால் மட்டுமே. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியிருப்பது தெரிந்தால், முதலில் எலும்பைக் கட்டுகிற டெரிபாரடைடு ஊசியைத் தினமும் போட்டுவிட்டு அப்புறம் சோலெட்ரோனிக் ஆசிட்டுக்கு வரலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எக்ஸ்ரேயை முதலில் எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

கால்சியமும் கல்லும்

கால்சியம் மட்டும் போதுமா என்றால், போதாது. செங்கல் மட்டும் இறக்கி வைத்துவிட்டால் சுவர் தானாக எழாது. ஆனால் கால்சியம் இல்லாமல் ஊசி போடுவதும் தப்பு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1200 மில்லிகிராம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. அரை லிட்டர் பாலும் மோரும் தயிருமாகப் போனால் 600 கிட்ட வந்துவிடும், 100 கிராம் கேழ்வரகு மாவில் 340-க்கு மேல், கூடவே எள்ளுருண்டை, தலையோடு மெல்லுகிற சின்ன மீன். மிச்சத்துக்கு ஒரு மாத்திரை. கல் பயத்துக்குப் பதில்: சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் கல் உருவாவதைக் குறைக்கத்தான் செய்கிறது, கல்லாகச் சேரும் ஆக்சலேட் என்ற உப்பைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடும். வெறும் வயிற்றில் நிறைய மாத்திரை போடுவதில்தான் சிக்கல். அதனால் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள், தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். அவருக்கு முன்பு கல் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். வைட்டமின் டி பாக்கெட்டை வாரா வாரம் வருடக்கணக்கில் குடிக்கிற பழக்கமும் வேண்டாம், அளவு மீறினால் அது விஷம்.

கையும் முழங்காலும்

கோணல் கையை உடைத்து வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. முள்கரண்டி கவிழ்ந்த மாதிரி வளையும் இந்த முறிவை டப்ளினில் ஆபிரகாம் காலிஸ் 1814-லேயே விவரித்திருக்கிறார், அவர் பெயரால்தான் இன்றும் சொல்கிறோம். குழந்தைகளுக்கு வளைந்து கூடிய எலும்பு வளர வளர நேராகிக்கொள்ளும், 67-ல் ஆகாது. ஆனால் அம்மா அந்தக் கையால் முறுக்கிப் பிழிகிறார், தலை பின்னுகிறார், வலி இல்லை என்கிறீர்கள். பார்வைக்குக் கோணல், வேலைக்குக் குறையில்லை. விரல் மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ மட்டும் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம். இன்னொரு தடவை யாருக்கும் கை கால் அடிபட்டால், கட்டுப் போடும் முன் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இறுக்கிக் கட்டிய கட்டுக்குக் கீழே விரல் நீலமானாலோ ஜில்லிட்டாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

முழங்காலில் பசை வற்றிப்போகவில்லை. நல்ல முழங்காலில்கூட அந்தத் திரவம் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகத்தான் இருக்கும். ஜவ்வுக்கு ரத்தக்குழாயே கிடையாது. காலை ஊன்றும்போது பிழியப்பட்டு, எடுக்கும்போது திரவத்தை உறிஞ்சி, அப்படித்தான் அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது. நடக்காமல் உட்காரவைத்தால் மூட்டையும் பட்டினி போடுகிறோம், எலும்பையும் மெலியவிடுகிறோம். பாரம் விழுந்தால்தான் எலும்பு கட்டும், விண்வெளியில் இருக்கும் வீரர்கள் இடுப்பு எலும்பை மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் இழப்பதும் அதனால்தான். அம்மா தினமும் வாசலில் பத்து பத்து நிமிடமாக நடக்கட்டும். கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து எழுவது பத்து தடவை, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்குவது பத்து தடவை. குனிந்து கோலம் போடுவதும் குனிந்து குடம் தூக்குவதும் எக்ஸ்ரே பார்க்கும் வரை வேண்டாம். அந்தத் தொட்டியடியில் பாசியைச் சுரண்டிவிட்டு, சொரசொரப்புக் கல் பதித்து, பாத்ரூமில் ஒரு கைப்பிடி மாட்டுங்கள். அண்ணனிடம் இந்த வேலையைக் கொடுங்கள், ஒரு நாள் வேலைதான்.

கடைசியாக உங்கள் விஷயம். இலவச முகாமில் குதிகாலை மெஷினில் வைத்து மைனஸ் 1.6 என்று சீட்டும் கொடுத்து மூன்று மாதக் கால்சியம் டப்பாவும் விற்றிருக்கிறார்கள். அந்தக் குதிகால் மெஷினின் எண்ணை வைத்து எலும்புப்புரை என்றோ ஆரம்பநிலை என்றோ சொல்லவே கூடாது. உங்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிற வயதில், டெக்ஸாவிலேயேகூட இளவயதோடு ஒப்பிடும் எண்ணைப் பார்ப்பதில்லை, உங்கள் வயதுக்காரர்களோடுதான் ஒப்பிடுவோம். அம்மாவுக்கு இருப்பதால் உங்களுக்கு வாய்ப்பு கூடுதல்தான், மாதவிடாய் நின்ற பிறகு முறையாக டெக்ஸா எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் உங்கள் 13 வயது மகளைப் பாருங்கள், டியூஷனுக்காக கோகோ விளையாட்டை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பெண்களுக்கு எலும்பின் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது, ஓடிக் குதிக்கிற வருடங்கள் இவைதான். வாரத்தில் மூன்று நாளாவது அவளைத் திரும்ப மைதானத்துக்கு அனுப்புங்கள்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பு எப்படி இருந்தது, பொட்டலத்தில் இருந்த மாத்திரையின் பெயர் என்ன, இந்த இரண்டையும் தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த மருந்தை முதலில் வைக்கலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.